சண்டை பிடித்தவரின் மனவடுவும் அதன் அரசியலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முன்னாள் போராளிகளின் குடும்பங்களோடு வேலை செய்கிற எனக்கு யாழ்ப்பாணத்தில் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகள் இவை. தடுப்பால், அதாவது தடுப்பு முகாமில் இருந்து, வந்தவர்கள் கேட்டவை சில, அவர்களின் மனைவிமாரும் தாய்மாரும் கேட்டவை சில. பல்கலைக்கழகப் பிள்ளைகள் கேட்டவையும் உண்டு. நான் மருத்துவர் இல்லை, எந்த மருந்து என்று சொல்வது என் வேலையும் இல்லை. ஒருவருடைய நித்திரையின்மைக்கு நோய் என்று பெயர் வைக்கும்போது அவருக்கு என்ன கிடைக்கிறது, அவரிடமிருந்து என்ன பறிபோகிறது என்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

சண்டைக்குப் போய் வந்தவரின் பயமும் கெட்ட கனவும் எப்போதிருந்து நோய் ஆனது?

போர் எவ்வளவு பழையதோ இவையும் அவ்வளவு பழையவை. மருத்துவம் இவற்றைக் கவனித்தது பிந்தித்தான். முதலாம் உலகப் போரில் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாத படையினர் பலர் நடுங்கினார்கள், பேச்சிழந்தார்கள், கால் இருந்தும் நடக்க முடியாமல் போனார்கள். 1915இல் சார்ள்ஸ் மயர்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் இதை 'ஷெல் ஷொக்' என்று மருத்துவ இதழில் எழுதினார். பெயர் வேகமாகப் பரவியது. படைத் தலைமைக்கு அது பிடிக்கவில்லை. காயமில்லாதவனையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டி வந்தால் முன்னரங்கில் யார் நிற்பது என்பது அவர்களுடைய கவலை. 1917இல் அந்தப் பெயரை முன்னரங்கில் எழுதுவதற்கே கட்டுப்பாடு போட்டார்கள்.

அதே போரில் 306 பிரிட்டிஷ், பொதுநலவாயப் படையினர் கோழைத்தனம், படையை விட்டு ஓடியது போன்ற குற்றங்களுக்காகத் தங்கள் சொந்தப் படையாலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் எத்தனையோ பேருக்கு இருந்தது மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருந்தவருக்கு இருந்த அதே நடுக்கம்தான். மன்னிப்பு 2006இல் கிடைத்தது. நோயா குற்றமா என்பதை நடுக்கம் தீர்மானிக்கவில்லை, அதற்கு மேலே இருந்த அதிகாரம் தீர்மானித்தது. இதை முதலில் மனதில் வைத்துக்கொண்டால் மற்றக் கேள்விகள் எல்லாம் லேசாக விளங்கும்.

பி.ரி.எஸ்.டி என்கிறார்களே, அது எங்கிருந்து வந்தது?

வியட்நாம் போரிலிருந்து. தமிழில் நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் என்று எங்கள் மருத்துவர்கள் எழுதுவார்கள். நான் சுருக்கமாக மனவடு நோய் என்கிறேன்.

1970இல் நியூயோர்க்கில், போரை எதிர்த்த முன்னாள் சிப்பாய்கள் வட்டமாக இருந்து தங்களுக்குள் கதைக்கத் தொடங்கினார்கள். ராபர்ட் லிஃப்டன், ஹாயிம் ஷாட்டன் என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். அந்தக் கதைகளில் தங்களுக்கு நடந்தது மட்டும் வரவில்லை, தாங்கள் செய்ததும் வந்தது. எரித்த கிராமங்கள் வந்தன, சுட்ட பொதுமக்கள் வந்தார்கள், அனுப்பிய அரசாங்கத்தின் மீது கோபமும் வந்தது. பத்து வருட முயற்சிக்குப் பிறகு 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் மனநோய்களை வகைப்படுத்தும் கையேட்டின் மூன்றாவது பதிப்பில் இந்த நோய் இடம்பிடித்தது.

அது பெரிய வெற்றி. அதற்கு முன்னர், சண்டை முடிந்து நாள் கடந்தும் ஒருவன் தேறவில்லை என்றால் அவனுடைய சுபாவத்தில், வளர்ப்பில், பலவீனத்தில்தான் மருத்துவர்கள் காரணம் தேடினார்கள். 1980க்குப் பிறகு காரணம் நடந்த சம்பவத்தில் இருக்கிறது என்று ஆனது. ஆனால் கையேட்டுக்குள் போகும்போது போர் மெலிந்துவிட்டது. சண்டை, பாலியல் வல்லுறவு, வெள்ளம், கார் விபத்து எல்லாம் ஒரே வரிசையில் நின்றன. ஷெல் அடித்தவரும் ஷெல் விழுந்த வீட்டுக்காரரும் ஒரே நோயின் இரண்டு நோயாளிகள் ஆனார்கள். எங்களை ஏன் அனுப்பினீர்கள் என்று அந்தச் சிப்பாய்கள் கேட்ட கேள்விக்கு அறிகுறிப் பட்டியலில் இடம் இல்லை.

அப்ப நோய் என்று சொல்வது பிழையா?

பிழை இல்லை. நோய் என்ற பெயர் இல்லாத இடத்தில் வேறு பெயர்கள் வந்து உட்கார்ந்துவிடும்: கோழை, குடிகாரன், சோம்பேறி, விசரன். ஒரு பெண் தன் கணவனைப் பற்றி என்னிடம், 'இவர் கெட்ட மனிசன் இல்லை, இவருக்கு வருத்தம்' என்று சொன்னபோது அந்த வீட்டில் எவ்வளவோ மாறியிருந்தது. நோய் என்ற சொல் அவளுக்கு அதைச் செய்து கொடுத்தது.

காசு விஷயமும் இருக்கிறது. நோய் என்று ஒத்துக்கொண்டால் அரசு ஓய்வூதியம் கொடுக்க வேண்டும், சிகிச்சைச் செலவை ஏற்க வேண்டும். அதனால்தான் எல்லா நாட்டிலும் இதில் இழுபறி. ஈராக்கிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் பலரை, 'ஆளுமைக் கோளாறு, படையில் சேர முன்னமே இருந்தது' என்று எழுதி வெளியே விட்டார்கள். முன்னமே இருந்த கோளாறு என்றால் நட்டஈடு கொடுக்கத் தேவையில்லை. இலங்கையிலும் 12 வருடச் சேவை முடிக்க முன்னர் ஊனமடைந்து விலகிய இராணுவத்தினர் ஓய்வூதியம் கேட்டு 2017இல் கொழும்பில் வீதியில் இருந்து போராடினார்கள். எங்கள் பக்கத்தில் காலையும் கண்ணையும் இழந்தவர்களுக்கு அப்படிக் கேட்பதற்கான படையும் இல்லை, அரசும் இல்லை. அவர்களுக்கு மிஞ்சியது கிளினிக் கொப்பி ஒன்றுதான்.

நோயாளி என்று சொல்லி ஒருவருடைய வாயை அடைக்க முடியுமா?

முடியும். 1917இல் நடந்ததைச் சொல்கிறேன்.

சீக்ஃபிரீட் சசூன் பிரிட்டிஷ் படையில் ஒரு அதிகாரி, கவிஞர், வீரத்துக்காகப் பதக்கம் வாங்கியவர். முடிக்கக்கூடிய அதிகாரம் உள்ளவர்களே இந்தப் போரை வேண்டுமென்று நீட்டிக்கிறார்கள், நான் திரும்பிப் போக மாட்டேன் என்று அவர் எழுத்தில் அறிவித்தார். அந்த அறிக்கை ஜூலை மாதம் பாராளுமன்றத்தில் வாசிக்கப்பட்டது. இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தியிருந்தால் அவர் சொன்னது முழுவதும் பத்திரிகைகளில் வந்திருக்கும். அதற்குப் பதிலாக மருத்துவக் குழு ஒன்றின் முன்னால் கொண்டுபோனார்கள். அவரைக் காப்பாற்ற நினைத்த நண்பரும் ஆள் சுகமில்லாமல் இருக்கிறார் என்றே சொன்னார். ஷெல் ஷொக் என்று முடிவாகி, எடின்பரோவுக்குப் பக்கத்தில் கிரெய்க்லொக்கார்ட் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார்.

அங்கே அவரைப் பார்த்த ரிவர்ஸ் நல்ல மருத்துவர். அடிக்கவில்லை, மின்சாரம் பாய்ச்சவில்லை, இருந்து கதைத்தார். சசூன் அவரைக் கடைசிவரை மதித்தார். அந்த நல்ல மருத்துவரின் கடமையும் அவரைத் திரும்பப் படைக்கு அனுப்புவதாகத்தான் இருந்தது, அவரும் போனார். நோய் என்ற முடிவு சசூனைச் சிறையிலிருந்து காப்பாற்றியது. போர் பிழை என்ற அவருடைய வாதத்தையும் அதுவே காய்ச்சலில் பிதற்றியது மாதிரி ஆக்கிவிட்டது.

எங்கள் ஊரில் இதைச் சின்ன அளவில் அடிக்கடி காண்கிறேன். தடுப்பில் தனக்கு நடந்ததை ஒருவர் சொல்ல வாய் திறந்தால், பக்கத்தில் இருப்பவர் அன்போடுதான் சொல்வார்: 'விடுங்கோ அண்ணை, அதுகளை நினைக்காதேங்கோ, மருந்தைப் போட்டிட்டுப் படுங்கோ.' அந்த அன்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவர் சொல்ல வந்தது ஒரு சாட்சியம். அதை எழுதி வைக்க ஒருவரும் இல்லை என்பதால் அது அறிகுறியாகப் பதிவாகிறது.

மருத்துவர் யாருடைய பக்கம்?

சம்பளம் கொடுப்பது யார், நோயாளி தேறினால் எங்கே போகப்போகிறார் என்ற இரண்டையும் பார்க்க வேண்டும். முதலாம் உலகப் போரில் வியன்னாவில் படையினருக்கு மின்சாரம் பாய்ச்சிச் சிகிச்சை செய்தார்கள். வலி தாங்க முடியாமல் சிப்பாய் 'சுகமாகி' முன்னரங்குக்குத் திரும்புவான். 1920இல் இதற்காகப் புகழ்பெற்ற மருத்துவர் வாக்னர்-யவுரெக் மீது விசாரணை நடந்தது. அங்கே கருத்துச் சொல்ல அழைக்கப்பட்டவர் சிக்மண்ட் ஃப்ராய்ட். ஓடிவருகிறவனைத் திருப்பித் துரத்த முன்னரங்குக்குப் பின்னால் வைத்த இயந்திரத் துப்பாக்கியின் வேலையைத்தான் போர்க்கால மருத்துவம் செய்ய வேண்டியிருந்தது என்ற பொருளில் அவர் பேசினார். வாக்னர்-யவுரெக் குற்றமற்றவர் என்று விடப்பட்டார்.

யாழ்ப்பாணத்தில் இந்த நோய் எவ்வளவு பேருக்கு?

போர் முடிந்த 2009இல் யாழ் மாவட்டத்தில் நடத்தி 2011இல் வெளியான ஆய்வொன்றில் மனவடு நோய் 7 வீதம், பதகளிப்பு (மனப்பதற்றம்) 32.6 வீதம், மனச்சோர்வு 22.2 வீதம் என்று கண்டார்கள். இது பொதுமக்களிடம் எடுத்த கணக்கு. போர் என்றதும் எல்லோரும் மனவடு நோயையே தேடுகிறார்கள், இங்கே சனத்தை அதிகம் வாட்டியது பதகளிப்பும் சோர்வும். வைத்தியசாலைக்கு வருகிறவர்களும் கனவைப் பற்றி முதலில் சொல்வதில்லை. நெஞ்சுப் படபடப்பு, தலையிடி, உடம்பு உளைவு, பெருமூச்சு என்றுதான் தொடங்குவார்கள்.

இன்னொரு சிக்கல். 1980ஆம் ஆண்டுக் கையேடு, இந்த நோய்க்குக் காரணமாகும் சம்பவம் வழமையான மனித அனுபவத்துக்கு அப்பாற்பட்டதாக இருக்கும் என்று விளக்கியிருந்தது. பங்கருக்குள் பாடம் படித்து, கிபிர் குண்டுவிமானச் சத்தத்தில் சோறு தின்று, ஒரு வருடத்தில் பல தடவை இடம்பெயர்ந்த பிள்ளைக்கு எது வழமை? அந்த வரியைப் பின்னர், 1994இல், எடுத்துவிட்டார்கள். ஆனாலும் ஒரு தனி ஆள், ஒரு தனிச் சம்பவம், அதற்குப் பிறகு அமைதி என்ற அமைப்பு அப்படியே இருக்கிறது. போர்க்காலத்தில் நீண்ட காலம் இங்கே வேலை செய்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயப்படுவதைக் கூட்டு மனவடு என்று விரிவாக எழுதினார். எனக்குத் தெரிந்த குடும்பங்களுக்கு அந்த விளக்கம்தான் பொருந்துகிறது.

புனர்வாழ்வும் சிகிச்சையும் ஒன்றா?

இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாக்கியதால் வந்த சேதம் பெரியது.

2009க்குப் பிறகு ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகள் புனர்வாழ்வு முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். பெரும்பாலானவர்களுக்கு வழக்கும் இல்லை, தீர்ப்பும் இல்லை. நடத்தியது இராணுவம். தொழிற்பயிற்சி, யோகா, உளவளத்துணை எல்லாம் அங்கே இருந்தன. காவலில் வைத்திருப்பவரே ஆறுதலும் சொல்கிறார் என்றால் உள்ளே இருப்பவர் எதைச் சொல்வார்? தான் திருந்திவிட்டேன் என்று காட்டக்கூடியதை மட்டும் சொல்வார்.

இந்தக் குழப்பம் சட்டத்துக்குள்ளும் வரப் பார்த்தது. 2022இல் கொண்டுவந்த புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலம், போதைப்பொருளுக்கு அடிமையானவர்களையும் முன்னாள் போராளிகளையும் வன்முறைத் தீவிரவாதக் குழுக்களின் உறுப்பினர்களையும் 'வேறு எந்த ஆட்களின் குழுவையும்' ஒரே வரியில் அடுக்கியது. போராடியதை ஒரு பழக்க நோயாக்கி, முகாமில் வைத்து மாற்றிவிடலாம் என்ற நினைப்புத்தான் அதன் அடியில் இருந்தது. உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஒக்டோபரில் அரசியலமைப்புக்கு முரண் என்று சொன்னது. முன்னாள் போராளிகள் என்ற குறிப்பு நீக்கப்பட வேண்டியதாயிற்று. திருத்திய சட்டம் 2023 ஜனவரியில் நிறைவேறியது. இந்தத் தீர்ப்பைப் பற்றி எங்கள் ஊரில் பேசியது காணாது.

தடுப்பால் வந்தவர்கள் ஏன் கிளினிக்குக்கு வரத் தயங்குகிறார்கள்?

விசர் என்று ஊர் சொல்லும், தங்கச்சியின் கலியாணம் குழம்பும் என்பது எல்லாக் குடும்பத்துக்கும் உள்ள பயம். இவர்களுக்கு அதைவிடக் கூடுதலான காரணங்கள் இருக்கின்றன.

வீட்டுக்கு வந்து விசாரிக்கும் புலனாய்வுக்காரர் கேட்கிற கேள்விகளும் மனநலப் பணியாளர் கேட்கிற கேள்விகளும் காதுக்கு ஒரே மாதிரி இருக்கும். எந்த வருடம் சேர்ந்தீர்கள், எங்கே இருந்தீர்கள், கூட இருந்தவர்கள் எங்கே, இரவில் என்ன யோசிக்கிறீர்கள்? ஒருவர் எனக்குப் பதில் சொல்ல முன்னர் என் கையில் இருந்த கொப்பியைத்தான் பார்த்தார். நான் அதை மூடி அவர் பக்கம் தள்ளிவைத்த பிறகுதான் கதைத்தார். அன்றிலிருந்து முதல் சந்திப்பில் நான் எதுவும் எழுதுவதில்லை.

ஊசி இன்னொரு காரணம். முகாமில் போட்ட ஊசியால்தான் முன்னாள் போராளிகள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள் என்ற பேச்சு 2016இல் வடக்கு முழுவதும் எழுந்து, வடமாகாண சபை மருத்துவப் பரிசோதனை பற்றிப் பேசும் அளவுக்குப் போனது. அப்படி ஒரு பயம் இத்தனை பேர் மனதில் பதிந்திருக்கும்போது, 'இந்த ஊசியைப் போடுங்கோ, நித்திரை வரும்' என்று மிஸ்ஸி (தாதி) சொன்னால் அவர் எழும்பிப் போய்விடுவார். பயத்துக்குக் காரணம் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டுதான் கதையைத் தொடங்க முடியும்.

பிறகு, பீஸ். பலருடைய உடம்பில் ஷெல் துண்டு இன்னும் இருக்கிறது. ஒரு அக்காவுக்குப் பின் கழுத்தில். வெயிலில் நின்றால் தலை வெடிக்கும் மாதிரி இடிக்கும், வலது கை விறைக்கும். முன்னாள் போராளி என்று தெரிந்ததும் எல்லா இடத்திலும் பதகளிப்பு மருந்தே எழுதிக் கொடுத்தார்கள். கழுத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார், தோலுக்குக் கீழே பயற்றங்கொட்டை அளவில் ஒன்று விரலுக்கு நழுவியது. மனவடு நோய் என்ற பெயர் தயாராக இருப்பதால் உடம்பைப் பார்க்காமல் விடுவதும் நடக்கிறது.

எங்கள் பக்கத்திலும் இதில் அரசியல் இல்லையா?

இருக்கிறது. மேடையில் போராளி கல்லாக நிற்க வேண்டும். அவர் இரவில் அலறுகிறார், பிள்ளையை அடித்துவிட்டு அழுகிறார் என்று சொன்னால் போராட்டத்தைக் கொச்சைப்படுத்துவதாகக் கோபிப்பார்கள். கடைசிக் காலத்தில் வீட்டுக்கு ஒருவர் என்று இயக்கம் பிடித்துக்கொண்டு போன பிள்ளைகளின் கதை இன்னும் கடினம். அவர்கள் பயந்தது இராணுவத்துக்கு மட்டும் இல்லை. அதைச் சொல்ல எந்த மேடையும் இல்லை. பெண் போராளிகள் திரும்பி வந்தபோது, ஆயுதம் தூக்கிய கையைப் பாடியவர்களே அவர்களை மருமகளாக எடுக்கத் தயங்கினார்கள். இதற்கு அரசாங்கத்தைக் குற்றம் சொல்லி நாங்கள் தப்ப முடியாது.

இராணுவத்தினருக்கும் இந்த வருத்தம் வருமா? அதைப் பற்றி நாங்கள் ஏன் யோசிக்க வேண்டும்?

வரும். போர்க் காலத்தில் பல்லாயிரம் படையினர் சொல்லாமல் கொள்ளாமல் படையை விட்டுப் போனார்கள், அரசாங்கம் காலத்துக்குக் காலம் பொதுமன்னிப்பு அறிவித்தது. ஓடியவர்களில் எத்தனை பேர் நோயாளிகள், எத்தனை பேர் மனம் ஒப்பாமல் போனவர்கள் என்று யாரும் அக்கறையாகக் கேட்கவில்லை. வெற்றி விழா நடக்கும் நாட்டில் வென்றவன் நடுங்கக் கூடாது.

'என்ரை பிள்ளையைக் கொண்டுபோனவனுக்கும் வருத்தம் எண்டால் நான் பாவப்பட வேணுமோ?' என்று ஒரு அம்மா கேட்டார். வேண்டாம் அம்மா என்றேன். அவனுக்கு மருந்து கொடுப்பது மருத்துவரின் கடமை, உங்கள் பிள்ளை எங்கே என்று அவன் பதில் சொல்ல வேண்டியதும் அப்படியே இருக்கிறது. வியட்நாம் சிப்பாய்களுக்குச் சிகிச்சை செய்த ஜொனதன் ஷே என்ற மருத்துவர், சரி என்று நம்பியதைத் தன் மேலதிகாரி மிதித்ததால் உண்டாகும் உடைவை அறக் காயம் என்று தனியாக விளக்கினார். தானே மிதித்ததால் வரும் உடைவையும் பின்னர் வந்தவர்கள் இதில் சேர்த்தார்கள். அப்படிப்பட்டவருக்குப் பயத்தைக் குறைக்கும் மருந்து ஓரளவுக்குத்தான் உதவும். நடந்ததைச் சொல்லி ஒத்துக்கொள்ளும் இடம் வேண்டும். உண்மை கேட்கும் தாய்மாருக்கும் தேவைப்படுவது அதே இடம்தான்.

நினைவேந்தலுக்கும் மனநலத்துக்கும் என்ன தொடர்பு?

செத்தவருக்கு அழ இடம் இல்லாவிட்டால் துக்கம் உடம்புக்குள் போகும். போராளிகளைப் புதைத்த கோப்பாய்த் துயிலும் இல்லம் இடிக்கப்பட்டு 2011இல் அந்த இடத்திலேயே 51ஆவது படைப்பிரிவின் தலைமையகம் திறக்கப்பட்டது. யாழ் பல்கலைக்கழகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி 2021 ஜனவரி 8 இரவு இடிக்கப்பட்டது, எதிர்ப்பு எழுந்து பிறகு திரும்பக் கட்டப்பட்டது. விளக்கு வைப்பதைத் தடுத்துவிட்டு மனச்சோர்வுக்குக் குளிசை கொடுப்பதை நான் சிகிச்சை என்று ஏற்க மாட்டேன். தூக்குக் காவடி எடுப்பவரையும் கோயிலில் உருவாடுகிறவரையும் படிப்பறிவில்லாதவர் என்று ஒதுக்காதீர்கள். சில பேருக்கு ஊர் பார்த்திருக்கக் கத்தி அழக் கிடைக்கும் ஒரே இடம் அது.

வெளிநாட்டில் அகதிக் கோரிக்கைக்கு மருத்துவர் கடிதம் கேட்கிறார்களே?

கேட்பார்கள், ஏனென்றால் வாயால் சொன்னதை நம்புவதில்லை. உடம்பில் சூடு வைத்த தழும்புகளோடு பிரித்தானியா போன ஒரு தமிழரிடம், அவற்றை ஆள் வைத்து அவரே போட்டுக்கொண்டிருக்கலாம் என்று தீர்ப்பாயம் சொன்னது. 2019இல் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் அந்த முடிவை ஏற்கவில்லை. சித்திரவதையைப் பதிவுசெய்வதற்கு இஸ்தான்புல் நெறிமுறை என்ற ஐ.நா. வழிகாட்டி இருக்கிறது, அதன்படி எழுதத் தெரிந்த மருத்துவரிடம் போங்கள். தேதி மாறிச் சொல்வது, நடுவில் மறப்பது எல்லாம் இந்த நோயிலேயே வரும், அதையும் கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள்.

சரி, மருந்து எடுக்கலாமா? எங்கே போவது?

எடுக்கலாம். நித்திரை வந்தால்தான் கதைக்கவும் போராடவும் தெம்பு வரும். கதைத்துச் செய்யும் சிகிச்சையும் நல்ல பலன் தரும், மூச்சுப் பயிற்சியும் உதவும். மருந்தைத் திடீரென்று நிற்பாட்டாதீர்கள். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் யாழ் போதனா வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. வைத்தியசாலைக்கு வெளியே கதைக்க விரும்பினால் சாந்திகம் என்ற உளவளத்துணை நிலையம் இருக்கிறது. சாக வேண்டும் போல் இருந்தால் எந்த நேரமும் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுங்கள்.

பழைய எக்ஸ்ரே இருந்தால் கொண்டுபோங்கள், பீஸ் எங்கே இருக்கிறது என்று முதலே சொல்லுங்கள். தனியாகப் போகப் பயம் என்றால் நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகலாம். எழுதுவதை யார் யார் பார்ப்பார்கள் என்று மருத்துவரிடமே கேளுங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் இயக்கப் பெயரையும் கூட இருந்தவர்களின் பெயரையும் சொல்லத் தேவையில்லை. அவை இல்லாமலே சிகிச்சை செய்யலாம்.